சாம்பல் நிறக் குஞ்சுகள்

ஜூன் 14

இன்றும் வாந்தி. காலையில் பல் துலக்கும்போதே ஆரம்பித்தது. கோழித் தீவனத்தில் கலப்பதற்காகக் கருவாட்டுத் தூள் மூட்டையை அவிழ்த்ததும் குடலே வெளியே வந்துவிடும் போலிருந்தது. சம்மு வயிற்றில் இருந்தபோது இப்படியெல்லாம் படுத்தவில்லை. அப்போது இவருக்குக் கோழிப் பைத்தியமும் பிடித்திருக்கவில்லை.

இப்போது தோட்டத்து வீட்டைச் சுற்றி எந்தப் பக்கம் திரும்பினாலும் கூண்டுதான். எல்லாம் கிளிமூக்குக் கோழிகள். மூக்கு கிளிக்கு இருப்பதுபோல வளைந்திருக்க வேண்டும், வால் தரையில் இழுபட வேண்டும், நடை ராஜநடையாக இருக்க வேண்டும். அதுவும் போதாதென்று இவருக்கு நிறமும் வேண்டும். மழைக்கு முந்தைய வானம்போல நீலம் ஓடிய சாம்பல் நிறம். இந்த வட்டாரத்தில் யாரிடமும் அந்த நிறத்தில் ஒரு கூட்டம் இல்லையாம். தை மாதக் கண்காட்சியில் ஒரே நிறத்தில் ஒரு கூட்டத்தைக் கொண்டுபோய் நிறுத்திக் காட்ட வேண்டுமாம். சாம்பல் சேவல் ஒன்றும் சாம்பல் பெட்டைகள் சிலவும் எங்கிருந்தோ தேடிப்பிடித்து வாங்கி வந்து, தனிக் கூண்டில் மின்விசிறி போட்டு வைத்திருக்கிறார். எனக்கு அடுப்படியில் விசிறி கிடையாது.

பொழுது சாய்ந்ததும் அத்தை குங்குமப்பூ போட்ட பாலோடு வந்துவிட்டார்.

“கண்ண மூடிட்டுக் குடிச்சிரு அம்மிணி. இதாவது உன்ற நெறத்துல பொறக்கட்டும்.”

இதாவது! சம்மு பக்கத்திலேயே உட்கார்ந்து சிலேட்டில் கிறுக்கிக்கொண்டிருந்தாள். நான்கு வயதுப் பிள்ளைக்கு என்ன புரியும் என்று அத்தைக்கு நினைப்பு. அவர் அந்தப் பக்கம் போனதும் பாலைக் கொண்டுபோய் வாழைக்கு ஊற்றிவிட்டேன்.

ஜூன் 22

இன்குபேட்டரில் வைத்த முதல் ஈடு பொரித்தது. சாம்பல் குஞ்சுகள் பாதிதான் இருக்கும். மீதியில் கொஞ்சம் கருப்பு, கொஞ்சம் வெள்ளை. வெள்ளை என்றால் பால் வெள்ளை இல்லை, அங்கங்கே மை தெறித்த அழுக்கு வெள்ளை. இவர் முகம் சுருங்கிவிட்டது. சாம்பல் குஞ்சுகளை மட்டும் பொறுக்கி விளக்குக்கூண்டில் விட்டார். மற்றவற்றை முட்டை ஓடுகளோடு சேர்த்து ஒரு தீவனச் சாக்கில் அள்ளிப்போட்டு வாயைக் கட்டினார். சாக்கு கீச் கீச்சென்று கத்திக்கொண்டே இருந்தது. தூக்கிக்கொண்டு பாழுங்கிணற்றுப் பக்கம் போனார். திரும்பி வந்து கையைக் கழுவிக்கொண்டு, “பசிக்குது, சோறு போடு” என்றார். அதே கை. எனக்கு உமட்டியது.

“எதுக்குங்க கொல்றீங்க? கெடந்துட்டுப் போகட்டுமே.”

“ரத்தத்துல கலப்பு இருக்குது புள்ள. கழிச்சுக் கழிச்சு எடுத்தாத்தான் சுத்தமாகும். உனக்கெங்க தெரியப்போவுது.”

எனக்கா தெரியாது? விலங்கியல் படித்தவள் நான். கல்லூரியில் இதையே கட்டம் போட்டு வரைந்து காட்டினார்கள். நிறத்தை மங்கவைக்கும் ஜீன் ஒன்று உண்டு. அது தாய், தந்தை இருவரிடமிருந்தும் வராவிட்டால் குஞ்சு கருப்பு. ஒருவரிடமிருந்து மட்டும் வந்தால் சாம்பல். இருவரிடமிருந்தும் வந்தால் அழுக்கு வெள்ளை. அதனால் சாம்பலையும் சாம்பலையும் சேர்த்தால் காலாகாலத்துக்கும் கால்வாசி கருப்பு, பாதி சாம்பல், கால்வாசி வெள்ளை என்றுதான் வரும். எத்தனை சாக்கு கட்டினாலும் சுத்தமாகாது. சாம்பல் என்பதே கலப்புதான்.

இவர் தூக்கி எறிகிற கருப்பையும் அழுக்கு வெள்ளையையும் ஜோடி சேர்த்தால் பிறப்பதெல்லாம் சாம்பலாகவே பிறக்கும். சொன்னால் ஒரு நிமிட வேலை. நான் சொல்லப் போவதில்லை. கல்யாணமான புதிதில் எதைச் சொன்னாலும் “படிச்ச திமிரு” என்று வாயை அடைத்தவர்தானே. பட்டுத் தெரிந்துகொள்ளட்டும்.

ஜூலை 3

சம்முவுக்குத் தலை சீவி, பொட்டு வைத்து, பவுடர் அடித்துப் பால்வாடிக்கு அனுப்பினேன். துணி துவைத்தேன். கூண்டு கழுவினேன். கோழி எச்சத்தின் நாற்றம் முடியில் ஏறிவிட்டது. சீயக்காய் போட்டும் போகவில்லை.

ஜூலை 17

பெண் பார்க்க வந்த நாள் இன்று ஏனோ நினைவுக்கு வந்தது. நான் காபித் தட்டை நீட்டியதும் அத்தை தட்டை விட்டுவிட்டு என் முழங்கையைப் பிடித்தார். ஜன்னல் வெளிச்சம் படும்படி உள்பக்கமாகத் திருப்பிப் பார்த்தார். பார்த்துவிட்டு இவரிடம் தலையசைத்தார். எனக்குப் பெருமையாக இருந்தது என்று நினைக்கிறேன். எங்கள் அம்மாவுக்கு நிச்சயம் பெருமைதான்.

இவர்கள் வீட்டில் எல்லோரும் நல்ல கருப்பு. வம்சத்தின் நிறத்தை மாற்றுவதற்கென்று என்னைக் கொண்டுவந்தார்கள். சம்மு அப்படியே இவரை உரித்துவைத்துப் பிறந்தாள். ஆஸ்பத்திரியில் அத்தை அவளுடைய காது மடலைத்தான் முதலில் திருப்பிப் பார்த்தார். பிறந்த பிள்ளையின் முகம் எப்படியிருந்தாலும் காது மடலின் நிறம்தான் கடைசிவரை நிற்குமாம். “அட, காது கருப்பு” என்றார். குழந்தைக்குப் பசிக்கிறதா என்று அவருக்குக் கேட்கத் தோன்றவில்லை. இன்று இவர் இன்னும் முட்டையிடாத ஒரு வெடைக்கோழியின் இறக்கையை வெயிலில் விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அத்தையின் கையேதான்.

ஆகஸ்ட் 9

இரண்டாவது ஈடு. அதே கதை. இந்த முறை சம்மு பார்த்துவிட்டாள்.

“அப்பா, அதுங்கள எதுக்கு மூட்டைல போடறீங்க?”

“அது ஊருக்குப் போவுது கண்ணு.”

“எந்த ஊருக்கு?”

“கருப்பூருக்கு.” சொல்லிவிட்டு இவரே சிரித்தார்.

“அங்க அதோட அம்மா இருக்குமா?”

இவர் சாக்கைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். கேட்டுக்கொண்டிருந்த நானும் அடுப்படிக்குப் போய்விட்டேன். சோறு வடிக்கும் நேரமாகிவிட்டது.

ஆகஸ்ட் 30

இவருடைய சித்தப்பா வீட்டில் காதுகுத்து. அத்தை பட்டுப்புடவை கட்டிக்கொண்டு கிளம்பினார். சம்முவும் ஆசையாகப் பாவாடையோடு வந்து நின்றாள். “நீ இரு சாமி, வெயில்ல அலைஞ்சா இன்னுங் கருத்துப்போவ” என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறிவிட்டார். சம்மு அழவில்லை. பாவாடையைத் தானே அவிழ்த்து மடித்துவைக்க முயன்றாள். அழுதிருந்தால்கூடத் தேவலை.

இந்த வீட்டு மனிதர்களை நினைத்தாலே காறித் துப்ப வேண்டும்போல் இருக்கிறது. குலதெய்வம் கருப்பண்ணசாமி. அவர் மட்டும் எவ்வளவு கருப்பாக வேண்டுமானாலும் இருக்கலாம்.

செப்டம்பர் 2

ஐந்தாம் மாதம். டாக்டரம்மா, “இன்னுமா குமட்டுது? சில பேருக்குக் குழந்தை பொறக்குற வரைக்கும் இருக்கும்மா. பிரசவம் ஆனா நின்னுரும்” என்றார்.

செப்டம்பர் 27

எழுத உட்கார்ந்து வெகுநேரமாகிறது.

காலையில் மூன்றாவது ஈடு பொரித்திருந்தது. இவர் பல் துலக்கிவிட்டு வருவதற்குள் சம்மு இன்குபேட்டர் அறைக்குள் போயிருக்கிறாள். நான் போய்ப் பார்த்தபோது மூலையில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். தரையெல்லாம் பவுடர். அவள் மடியில் ஒரு கருப்புக் குஞ்சு. தலைமுதல் கால்வரை பவுடர் அப்பியிருந்தாள். அது கண்ணைத் திறக்க முடியாமல் தும்மித் தும்மித் தலையை உதறிக்கொண்டிருந்தது.

இவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. “அடிப் பாவி, பியூட்டி பார்லரே வெச்சுட்டாளே!” என்று சொல்லி, செல்போனில் படமெடுத்துக் கோழிக்காரர்களின் குழுவுக்கு அனுப்பினார். உடனே சிரிக்கிற பொம்மைகள் வந்து குவிந்தன. ஒவ்வொன்றாக எனக்குக் காட்டினார்.

நான் குஞ்சை ஈரத் துணியால் துடைத்துப் பார்த்தேன். மூக்கெல்லாம் பவுடர் அடைத்திருந்தது. மதியம் செத்துவிட்டது. இவர் அதையும் சாக்கோடு கொண்டுபோனார். சம்மு அதைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

எல்லாம் அத்தையின் வேலை. தினமும் கடலைமாவைப் போட்டுத் தோல் உரியத் தேய்த்தால் பிள்ளைக்கு வேறு என்ன புத்தி வரும்?

செப்டம்பர் 28

பவுடர் தீர்ந்துவிட்டது. இவர் சந்தைக்குப் போகும்போது வாங்கி வரச் சொல்ல வேண்டும்.

அக்டோபர் 6

செய்துவிட்டேன்.

வீட்டில் ஒரு கருப்புப் பெட்டை இருக்கிறது. கரண்ட் போனால் அடைகாப்பதற்கென்று மட்டும் வைத்திருக்கிறார்கள். பெயர்கூடக் கிடையாது. சேவல் படாத முட்டை என்பதால் அது இடுவதெல்லாம் குழம்புக்கு. தொழுவத்துக் கோடியில் ஒரு அழுக்கு வெள்ளைச் சேவல் கட்டிக் கிடக்கிறது. அது கருப்பண்ணசாமிக்கு நேர்ந்துவிட்டது, அதனால்தான் சாக்குக்குத் தப்பியது. யாருக்கும் வேண்டாத நிறத்தைச் சாமிக்கு விட்டால் செலவு மிச்சம் என்பது இவர்கள் பக்தி.

இவர் இரண்டு நாள் தேங்காய் லோடோடு வெளியூர் போயிருக்கிறார். நான் சேவலை அவிழ்த்துப் பெட்டையின் கூண்டுக்குள் விட்டேன். இனி இவர் தோப்புக்குப் போகும் நேரமெல்லாம் விடுவேன். அத்தைக்குத் தொலைக்காட்சியை விட்டு நகர மனமிருக்காது.

ஏன் செய்கிறேன் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. அந்தக் குஞ்சு தும்மிய சத்தம் காதைவிட்டுப் போகமாட்டேன் என்கிறது. வாயால் சொன்னால் நம்ப மாட்டார், அதனால் கண்ணால் பார்க்கட்டும். கருப்பைச் சாக்கில் போடுவது ஒருவழியாக நிற்கட்டும். சம்மு பார்க்க நிற்கட்டும்.

அக்டோபர் 21

முட்டைகளைச் சேர்த்து அந்தக் கருப்பிக்கே அடைவைத்தேன். குழம்பில் முட்டையைக் காணோமே என்று அத்தை கேட்டார். கருப்பி முட்டையை நிறுத்திவிட்டது என்று பொய் சொன்னேன். வாய் கூசவில்லை.

நவம்பர் 11

எல்லாம் சாம்பல். ஒன்றுகூடத் தப்பவில்லை.

தெரிந்த கணக்குதான். ஆனாலும் கருப்பியின் இறக்கைக்கடியிலிருந்து ஒவ்வொரு சாம்பல் தலையாக எட்டிப் பார்த்தபோது கண் கலங்கிவிட்டது. சம்மு கையைத் தட்டினாள். இவர் ஓடிவந்தார். ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார்.

“பாத்தியா புள்ள! சுத்தமாயிருச்சு! நாஞ் சொன்னனில்ல? எந்தச் சோடியோட முட்டை இது?”

சொன்னேன். கருப்பியையும் காட்டினேன், தொழுவத்துச் சேவலையும் காட்டினேன். ஜீனைப் பற்றிச் சம்முவின் சிலேட்டில் கட்டம் போட்டு விளக்கினேன். இந்த முறை “படிச்ச திமிரு” என்று சொல்லவில்லை. சிலேட்டை வாங்கி ஒவ்வொரு கட்டமாக விரல் வைத்துப் பார்த்தார். பிறகு வாசல்பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, தணிந்த குரலில் சொன்னார்.

“இத வெளிய சொல்லிறாத. கருப்புல இருந்து வந்துதுன்னு தெரிஞ்சா ஒருத்தனுந் தொட மாட்டான். யாராச்சும் கேட்டா அந்தச் சாம்பல் சோடியையே காட்டு.”

சீ.

நவம்பர் 14

கருப்பு இனி சாக்குக்குப் போகாது. அந்த மட்டில் நான் ஜெயித்துவிட்டேன் என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் கருப்பியை வீட்டுக்குப் பின்னால், விருந்தாளி கண்ணில் படாத இடத்தில் கூண்டு கட்டி அடைத்துவிட்டார். வேலைக்கு வேண்டும், வெளியே தெரியக் கூடாது. சாமிக்கு நேர்ந்த சேவலுக்குப் பதிலாகச் சந்தையில் வேறொன்று வாங்கிக் கருப்பண்ணசாமிக்கே டிமிக்கி கொடுத்துவிட்டார்கள். அத்தை மட்டும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

சாப்பிடும்போது இவருக்கு ஒரே குஷி. “நாங் கருப்பு, நீ வெள்ளை. அந்தக் கணக்குப்படி சம்மு மாநெறமால்ல பொறந்திருக்கோணும்? எங்கியோ கணக்கு தப்பிருச்சு போல” என்று என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். மனிதத் தோல் கோழி இறகு இல்லை, ஒரே ஜீனின் வேலை இல்லை, எத்தனையோ சேர்ந்து ஆடுகிற ஆட்டம் என்று சொல்ல வாயெடுத்தேன். சம்மு சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டு எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். நான் பேச்சை விட்டுவிட்டேன்.

டிசம்பர் 8

சம்முவுக்குச் சளி. கஷாயம். தீவனம் தீர்ந்தது. கால் வீக்கம்.

டிசம்பர் 19

அத்தை பால் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். இப்போதெல்லாம் வாழைவரை நடக்க முடிவதில்லை. பாலை வீணாக்கக் கூடாதென்று குடித்துவிட்டேன். டம்ளரின் அடியில் பூ ஒட்டிக்கொண்டிருந்தது. விலை அதிகமான சரக்கு. விரலால் வழித்துச் சாப்பிட்டுவிட்டேன்.

நான் குடிப்பதால் ஒன்றும் ஆகப்போவதில்லை என்று எனக்குத் தெரியாதா என்ன.

ஜனவரி 6

“நெறம் எப்படியிருந்தாலும் கொழந்தை நல்லா இருக்கோணும், அவ்வளவுதான்” என்று இன்று அத்தையே சொன்னார். சொல்லிவிட்டுப் பாலில் இன்னும் இரண்டு இழை சேர்த்துப் போட்டார். நான் கையை நீட்டினேன்.

ஜனவரி 27, ஆஸ்பத்திரி

நேற்று வலி எடுத்தபோது இவர் கண்காட்சியில் இருந்தார். சாம்பல் கூட்டம் பரிசு வாங்கிவிட்டது. பந்தலில் எல்லோரும் சூழ்ந்துகொண்டு தாய் தகப்பன் யாரென்று கேட்டார்களாம். அந்தச் சாம்பல் ஜோடியின் படத்தைக் காட்டினேன் என்று போனில் பெருமையாகச் சொன்னார். எனக்கு அப்போது வலி வந்து வந்து போய்க்கொண்டிருந்தது. “காலைல வந்தர்றன் புள்ள” என்று சொல்லி வைத்துவிட்டார்.

விடிவதற்கு முன்பே பையன் பிறந்தான். நர்ஸ் துணியில் சுற்றி என் பக்கத்தில் கிடத்தினாள். அவன் அழவில்லை, உதட்டைச் சப்பிக்கொண்டிருந்தான். நான் துணியை விலக்கினேன். விரல்களை எண்ணத்தான் விலக்கினேன். ஆனால் கை நேராகக் காதுக்குப் போனது. மடலைத் திருப்பிப் பார்த்துவிட்டேன். அத்தை வருவதற்கு முன்னால் நான் பார்த்துவிட்டேன்.

கருப்பு.

பிறகு அத்தையும் வந்து திருப்பிப் பார்த்தார். துணியை மறுபடி போர்த்திவிட்டார். “ஆம்பளப் புள்ளைக்கு நெறமென்ன” என்று சுவரைப் பார்த்துச் சொன்னார். காபி வாங்கி வருகிறேன் என்று பிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு கீழே போனார்.

அவரோடு வந்திருந்த சம்மு கட்டிலில் ஏறி உட்கார்ந்தாள். முகத்தில் காதுவரை திட்டுத் திட்டாகப் பவுடர். இன்று தானே பூசிக்கொண்டு வந்திருக்கிறாள். தம்பியை ரொம்ப நேரம் குனிந்து பார்த்தாள். எழுந்து கதவுப் பக்கம் போய் எட்டிப் பார்த்துவிட்டு வந்தாள். அப்புறம் பால்வாடிப் பையைத் திறந்து பவுடர் டப்பாவை எடுத்து என் கையில் வைத்தாள்.

“அம்மா, அப்பா வர்றதுக்குள்ள தம்பிக்குப் பூசிரு. சீக்கிரம்.”

“எதுக்கு சாமி?”

“மூட்டைல போட்டுருவாங்கம்மா.”

டப்பா என் கையிலேயே இருந்தது. நான் பூசத் தயங்குகிறேன் என்று நினைத்துக்கொண்டு அவளே சமாதானம் சொன்னாள்.

“நான் குஞ்சுக்கு நெறையாப் பூசிட்டேன், மூக்குல போயிருச்சு. நீ எனக்குப் பூசறாப்பல மெதுவாப் பூசு. ஒண்ணும் ஆகாது. நீ தெனமும் பூசறதுனாலதான அப்பா என்னைய ஊட்டுல வெச்சிருக்காரு.”

டப்பாவைத் தலையணைக்கடியில் வைத்தேன். குழந்தையைத் துடைத்த ஈரத் துண்டு பக்கத்தில் கிடந்தது. அதை எடுத்துச் சம்முவின் முகத்தைத் துடைத்தேன். “வேண்டாம்மா, வேண்டாம்மா, அப்பா வந்துருவாரு” என்று முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டாள். கையை விலக்கி நெற்றி, கன்னம், கழுத்து, காதுக்குப் பின்னால் எல்லாம் துடைத்தேன். துண்டு வெள்ளையாகிவிட்டது.

வராண்டாவில் இவர் குரல் கேட்டது. யாரிடமோ பரிசைப் பற்றிச் சொல்லிச் சிரித்துக்கொண்டு வந்தார். சம்மு என் முதுகுக்குப் பின்னால் ஒளியப் பார்த்தாள். அவளை இழுத்து முன்னால் உட்காரவைத்து, தம்பியைத் தூக்கி அவள் மடியில் கொடுத்தேன். இரண்டு பேரையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு கதவைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன்.

பிரசவம் ஆனால் குமட்டல் நின்றுவிடும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். நிற்கவில்லை.